டிராக்டருக்குள் கார் இஞ்சின்

சுங்கைப் பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆனால் கெடாவைப் பார்க்க வேண்டுமானால் பழைய சாலைதான் சரி. பீடோங், குரூண் என்று ஒவ்வொரு பட்டணத்தையும் நலம் விசாரித்துக்கொண்டே போகும் சாலை அது. இடது பக்கம் 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் நெடுந்தூரம் கூடவே வரும். மலைக்குத் தெற்கே ரப்பரும் செம்பனையும். மலையைத் தாண்டி வடக்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். ஒரே மாநிலத்துக்குள் இரண்டு உலகம். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டென்றால் அது டிராக்டர்.

அந்த டிராக்டரைப் பார்ப்பதற்காகவே அண்மையில் இந்தச் சாலையில் போனேன். தூண்டியவன் என் அக்காள் மகன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறான். கார் இஞ்சின் என்றால் அவனுக்கு உயிர். அமெரிக்காவில் ஒருவர் எழுபது வயதுப் பழைய டிராக்டரில் எட்டு சிலிண்டர் கார் இஞ்சினைப் பொருத்தி, இரண்டு புகைக்குழாயும் உறும ஓட்டும் காணொளியைக் காட்டினான். "மாமா, நம்ம ஊர்ல இதைச் செய்ய ஆள் இருக்காங்களா?" என்று கேட்டான். "போய்ப் பார்த்தால்தானே தெரியும்" என்றேன். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பினோம்.

தோட்டத்தின் பொது வண்டி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிராக்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் தூரத்துத் தீம்பாருக்கு ஆள் ஏற்றிப் போனது அதுதான். மதியம் பாலை ஸ்டோருக்குக் கொண்டு வந்ததும் அதுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனது, லயத்துக்கு விறகு கொண்டு வந்தது, திருவிழாவில் சாமி இரதத்தை இழுத்தது, சில வீடுகளில் இறந்தவரைக் கடைசியாகச் சுமந்து போனது எல்லாம் அந்த ஒரே வண்டிதான். டிராக்டர் ஓட்டுநருக்குத் தோட்டத்தில் தனி மரியாதை இருந்தது. அவர் வராவிட்டால் தோட்டம் அசையாது.

அந்தக் காலத்து டிராக்டர்களில் உலகப் புகழ் பெற்றது சாம்பல் நிற பெர்குசன் டி.இ.20. ஹேரி பெர்குசன் வடிவமைத்த இந்த வண்டி இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதற்குப் பின் வந்தவை சிவப்பு நிற மேஸி பெர்குசன்கள். 1964-இல் வந்த 135 வகையை இன்றும் கெடா செம்பனைத் தோட்டங்களில் காணலாம். இதே குடும்பத்து டிராக்டர்களைத் தமிழ்நாட்டில் செய்வதற்காக 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் டேஃபே. தமிழ்நாட்டு வயலிலும் மலேசியத் தோட்டத்திலும் நம்மவர்கள் ஒரே வகை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்கள்.

என் மருமகனை வாயடைக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. டிராக்டருக்குள் கார் இஞ்சின் என்பது அவன் நினைத்ததுபோல் புதுமை அல்ல. டி.இ.20-ஐச் செய்து கொடுத்தது ஸ்டாண்டர்ட் என்ற கார் நிறுவனம். அந்த நிறுவனத்தின் வேன்கார்ட் காருக்கும் பெர்குசன் டிராக்டருக்கும் அடிப்படையில் ஒரே வடிவமைப்பு இஞ்சின்தான். அதே இஞ்சின் குடும்பத்தை மெருகேற்றித்தான் 1953-இல் டிரையம்ப் டி.ஆர்.2 என்ற பந்தய வகைக் காரையும் விற்றார்கள். டிராக்டரில் ஏறத்தாழ 28 குதிரைத்திறன் கொடுத்த அந்தக் குடும்பம், அந்தக் காரில் 90 குதிரைத்திறன் கொடுத்தது. கார் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. நம் தாத்தாமார் பால் வாளிகளோடு தொற்றிக்கொண்டு போன அந்த வண்டியின் இஞ்சினும் ஒரு பந்தயக் காரின் இஞ்சினும் பங்காளிகள்.

அப்படியானால் டிராக்டர் ஏன் ஆமை போல நகர்ந்தது? இந்தக் கேள்விக்குப் பீடோங் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பதில் கிடைத்தது.

"இஞ்சினே முதுகெலும்பு"

சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, துத்தநாகத் தகடு வேய்ந்த பட்டறை அது. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் செம்பனை வண்டிகளின் உதிரி பாகங்கள், டயர்கள், கழற்றிப் போட்ட கியர்பாக்ஸ்கள். பட்டறைக்காரருக்கு எழுபதுக்கு மேல் வயது இருக்கும். பதினைந்து வயதில் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, ஸ்பேனர் பெட்டியோடு பட்டணத்துக்கு வந்து இந்தப் பட்டறையைப் போட்டிருக்கிறார்.

நாங்கள் தேடிப் போனது அவரிடமே இருந்தது. ஒரு சாம்பல் பெர்குசன். மூக்கு மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. உள்ளே பழைய பெட்ரோல் இஞ்சினுக்குப் பதிலாக ஜப்பானிய பிக்-அப் வண்டியின் டீசல் இஞ்சின்.

"ஐயா, இதை எப்படிச் செஞ்சீங்க?" என்று மருமகன் கேட்டான்.

"தம்பி, காருக்குச் சட்டம் இருக்கு. சட்டத்து மேல இஞ்சினை வெச்சு போல்ட் போட்டா முடிஞ்சுது. இதுக்குச் சட்டமே கிடையாது. முன்னச்சு, இஞ்சின், கியர்பாக்ஸ், பின்னச்சு எல்லாம் ஒண்ணோட ஒண்ணா முறுக்கியிருக்கு. இஞ்சினே முதுகெலும்பு. அதை எடுத்தா வண்டி ரெண்டாப் பிளந்துடும்லா."

கார் இஞ்சினின் உடல் இப்படி எடையைத் தாங்குவதற்காக வார்க்கப்பட்டதல்ல. எனவே முன்னச்சிலிருந்து கிளட்ச் கூடுவரை இரண்டு பக்கமும் கனத்த இரும்புச் சட்டங்களைப் பொருத்திப் புதிய முதுகெலும்பு செய்திருக்கிறார். இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே விரல் தடிமன் இரும்புத் தகடு. அதன் ஒரு பக்கத் துளைகள் ஜப்பானுக்கு, மறுபக்கத் துளைகள் இங்கிலாந்துக்கு. இஞ்சின் தண்டும் கியர்பாக்ஸ் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் சில வாரங்களில் பேரிங் தேய்ந்துவிடும். அளவுக் கருவியை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சரிசெய்ய அவருக்கு இரண்டு நாள் ஆனதாம். கிளட்ச் தட்டுக்கும் அதே வேலை. பழைய தட்டின் நடுப்பல்லும் புதிய தட்டின் வெளிவட்டமும் ஒன்றாக ரிவெட் அடிக்கப்பட்டிருந்தன.

அடுத்து கவர்னர். காரில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓட்டுநரின் கால். டிராக்டரில் அந்த வேலையைக் கவர்னர் என்ற கருவி செய்கிறது. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டினால் தானாக எண்ணெய் கூடும். கலப்பையைத் தூக்கினால் தானாகக் குறையும். சாதாரணக் கார் இஞ்சினை அப்படியே வைத்தால் சேற்றில் நின்றுபோகும், சேற்றை விட்டு வந்ததும் பாயும். அதனால்தான் எல்லா வேகத்திலும் வேலை செய்யும் கவர்னர் கொண்ட டீசல் பம்ப்பாகத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"இன்னும் பெரிய இஞ்சின் வெச்சிருக்கலாமே ஐயா?"

பெரியவர் சிரித்தார். "பின்னச்சுப் பல்லு முப்பது குதிரைக்குச் செஞ்சது. நூறு குதிரையைக் கட்டினா முதல்ல பல்லு போகும். பல்லு போகலைன்னா ஓட்டுறவன் போவான்."

இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. பின்சக்கரம் மண்ணில் மாட்டிக்கொண்ட நேரத்தில் இஞ்சினின் முழு வலுவும் பாய்ந்தால், சக்கரம் சுற்றுவதற்குப் பதில் வண்டியின் முன்பகுதி மேலே எழும்பும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று ஓட்டுநர் நினைக்கும் முன்பே டிராக்டர் மல்லாந்து அவர் மேல் விழுந்துவிடும். சாலையில் வேகமாக ஓட்டினாலும் ஆபத்துதான். இந்தப் பழைய டிராக்டர்களுக்கு ஸ்பிரிங் கிடையாது. பிரேக்கும் டயரும் மெதுவான ஓட்டத்துக்குச் செய்யப்பட்டவை.

டிராக்டர் ஏன் மெதுவாகப் போகிறது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. குதிரைத்திறன் என்பது இழுவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த கணக்கு. பந்தயக் கார் நிமிடத்துக்கு 4,800 சுற்றில் தன் 90 குதிரையைக் காட்டியது. டிராக்டர் ஏறத்தாழ 2,000 சுற்றிலேயே வேலையை முடித்தது. ஒன்று குதிரை, இன்னொன்று உழவு மாடு. நாள் முழுக்க, வருடக்கணக்கில் இழுக்க வேண்டிய மாட்டை யாரும் பந்தயத்துக்கு விரட்டமாட்டார்கள்.

கான்சஸ் சகோதரர்கள்

கொட்டகை நிழலில் தே தாரிக் குடித்துக்கொண்டே மருமகன் அந்த அமெரிக்கக் காணொளியைப் பெரியவருக்குக் காட்டினான். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1947 முதல் 1952 வரை ஃபோர்டு நிறுவனம் 8என் என்ற சிறிய டிராக்டரை 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. நல்ல வண்டி, ஆனால் வலு போதாது என்று பெரிய பண்ணைக்காரர்கள் குறைப்பட்டார்கள். கான்சஸ் மாநிலத்தின் காஃபிவில் நகரில் ஃபங்க் என்ற இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். அதற்கு முன் சிறிய விமானங்கள் செய்துகொண்டிருந்தவர்கள். ஃபோர்டின் ஆறு சிலிண்டர் இஞ்சினையும், காரில் ஓடிய எட்டு சிலிண்டர் வி-8 இஞ்சினையும் அந்தச் சின்ன டிராக்டரில் பொருத்துவதற்கான பாகங்களை அவர்கள் தொகுப்பாகவே விற்றார்கள். முப்பது குதிரைத்திறன்கூட எட்டாத வண்டி ஒரே நாளில் ஏறத்தாழ நூறு குதிரைத்திறன் வண்டி ஆனது. இன்று அந்த வண்டிகள் சேகரிப்பாளர்களின் செல்லப் பிள்ளைகள்.

பெரியவர் காணொளியை இரண்டு முறை பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான். அவனுக்கு வலு பத்தலை, மாத்தினான். எனக்குச் சாமான் கிடைக்கலை, மாத்தினேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் கெடாவின் கதை இருக்கிறது. இங்கே இஞ்சின் மாற்றம் பெரும்பாலும் ஆசையால் நடந்ததல்ல. பழைய இஞ்சினுக்கு உதிரி பாகம் வருவது நின்றுவிடும். புது டிராக்டர் வாங்கக் காசு இருக்காது. நாளைக் காலை குலை ஏற்ற வேண்டும். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் ஹாஃப்-கட் வண்டிகளின் இஞ்சின் நம் நாட்டில் எங்கும் கிடைக்கும். இதே தேவையில்தான் மரவெட்டுக் காடுகளில், சீனர்கள் 'மலை அரசன்' என்ற பொருளில் 'சான் தாய் வோங்' என்று அழைத்த பழைய இராணுவ லோரிகள் பிறந்தன. போர்க்கால வண்டி, உள்ளே வேறொரு டீசல் இஞ்சின், மேலே பலகைக் கூண்டு.

ஜெராய்க்கு அப்பால்

குரூணைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிறது. சாலையோரமாகவே வருகிறது வான் மாட் சமான் கால்வாய். கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமட் சமான் 1885-இல் வெட்டத் தொடங்கிய இந்தக் கால்வாய்தான் சதுப்பு நிலத்தை வயலாக்கியது. பிறகு பெடு, மூடா அணைகள் கட்டப்பட்டு, 1970-இல் இங்கே ஆண்டுக்கு இரு போகம் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் வயல். முதல் போகம் அறுத்த கையோடு அடுத்த உழவு தொடங்க வேண்டும். எருமையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டிராக்டர் வந்தது. அடுத்து அறுவடை இயந்திரம் வந்தது.

பெல்ஜியத்தில் செய்யப்பட்ட கிளேசன் போன்ற அறுவடை இயந்திரங்கள் ஐரோப்பாவின் காய்ந்த கோதுமை வயலுக்கானவை. அங்கே ஓடி ஓய்ந்த பிறகு அவை மலேசியாவுக்கு வந்தன. உள்ளூர்ப் பட்டறைகள் அவற்றைப் பிரித்து, செப்பனிட்டு, சேற்றில் புதையாமல் இருக்கச் சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டைகள் கட்டி வயலில் இறக்கின. பணம் கொழித்த நாடுகளில் பழைய இயந்திரத்தை அலங்கரித்துக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். கெடாவில் அதையே இரண்டாவது முறை உழைக்க வைத்தார்கள்.

ஆனால் இஞ்சின் வந்த இடத்தில் எல்லாருக்கும் நன்மை வரவில்லை. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1978 முதல் 1980 வரை மூடா சமவெளியில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, 1985-இல் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். அறுவடைக் கூலியை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களின் வருமானத்தை இயந்திரம் எப்படிப் பறித்தது என்று அதில் எழுதியிருக்கிறார். முதன்முதலாக இயந்திரங்கள் வந்தபோது, இரவோடு இரவாக யாரோ பேட்டரிகளை உடைத்துக் கால்வாயில் வீசினார்கள். எண்ணெய்த் தொட்டியில் மணலும் சேறும் போட்டார்கள். அறுத்து அடித்துக் கூலி வாங்கிய கைகள் காட்டிய எதிர்ப்பு அது. வரப்போரம் நின்ற ஓர் அறுவடை இயந்திரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த என் மருமகன், இதைக் கேட்டதும் கைப்பேசியைச் சற்றுத் தாழ்த்தினான். தொழிற்சாலையில் தானியங்கிக் கருவிகளை நிறுவும் வேலை அவனுடையது.

அலோர் ஸ்டாரை அடுத்த குனோங் கெரியாங் அடிவாரத்தில் நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம். பழைய உழவுக் கருவிகளையும், சுற்றுவட்டச் சுவரோவியத்தில் கெடாவின் வயல்வெளியையும் பார்க்கலாம். வெளியே வந்தபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. வயலின் கருவிகளுக்கு இங்கே ஓர் இடம் கிடைத்துவிட்டது. தோட்டத்துப் பட்டறையின் கைவேலையோ இன்னும் அந்தப் பெரியவர்களின் விரல்களில் மட்டும்தான் இருக்கிறது.

விளையாட்டும் எல்லையும்

உலகில் டிராக்டரை விளையாட்டாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் இழுவைப் போட்டிகளில், விமான இஞ்சின் பூட்டிய டிராக்டர்கள்கூட உண்டு. இழுக்க இழுக்கப் பாரம் முன்னேறி அழுத்தும் சறுக்கு வண்டியை யார் அதிக தூரம் இழுக்கிறார்கள் என்பதே போட்டி. அங்கே பாதுகாப்புக் கூண்டும், தேவைப்பட்டால் இஞ்சினை உடனே நிறுத்தும் கருவியும் கட்டாயம். பஞ்சாபில் டிராக்டர் சாகசங்கள் கிராமத் திருவிழாக்களின் பகுதியாக இருந்தன. 2023 அக்டோபரில் சாகசம் செய்த ஓர் இளைஞர் தன் டிராக்டருக்கே பலியானதை அடுத்து, மாநில அரசு அவற்றுக்குத் தடை விதித்தது.

நம் நாட்டில் இஞ்சின் மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். பெரியவரின் பெர்குசன் தோட்ட எல்லையைத் தாண்டுவதில்லை.

தாளில் இல்லாத படிப்பு

அந்தப் பட்டறையில் இன்னொருவர் இருந்தார். முப்பது வயது உதவியாளர். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர். தகட்டில் துளை போட்டதும், கிளட்ச் தட்டை ரிவெட் அடித்ததும் அவர்தான். பெரிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போனபோது முதலில் கேட்டது சான்றிதழ். அது இல்லாததால் திரும்பி வந்துவிட்டார். கெடாவிலோ வேலைக்குப் பஞ்சமில்லை. குரூணில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் மொடெனாஸ், கூலிமில் கார்கள் பொருத்தும் இனோகோம் என்று இஞ்சின் சத்தம் கேட்கும் மாநிலம் இது. அந்த வாசல்களைத் தாண்ட ஒரு தாள் தேவைப்படுகிறது.

அந்தத் தாளுக்கு வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டு இலாகா, எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல அது. பி.பி.டி. என்ற திட்டத்தின் கீழ், வேலை அனுபவத்தால் திறன் பெற்றவர்களும் தாங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ் பெறலாம்.

மருமகன் இதைச் சொன்னபோது பெரியவர் முதலில் நம்பவில்லை. பிறகு, "எனக்கு எதுக்கு தம்பி? இவனுக்குப் பண்ணிக் கொடு" என்றார். இப்போது சில சனிக்கிழமைகளில் மருமகன் பீடோங் போகிறான். உதவியாளர் செய்யும் வேலையைப் படிப்படியாகப் படம் எடுக்கிறான். எந்தத் தகடு, என்ன அளவு, ஏன் அந்த அளவு என்று பெரியவர் சொல்லச் சொல்ல எழுதுகிறான். எட்டு சிலிண்டர் டிராக்டர் ஆசையும் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை. "பின்னச்சுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சா செய்யலாமாம்" என்கிறான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நம்மவர்கள் இழந்த வீடுகளையும் கோயில்களையும் பள்ளிகளையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பேச வேண்டியதுதான். கூடவே வெளியே வந்த கைத்திறனை நாம் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் உறவிலும் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியப்பா, ஒரு தாத்தா நிச்சயம் இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, எந்த வண்டியை எப்படிப் பழுது பார்த்தார் என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். அவரிடம் வேலை கற்ற இளைஞர் யாராவது இருந்தால், பி.பி.டி. பற்றிச் சொல்லி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள்.